ஊசியால் எழுதிய வரலாறு

நுழையும்முன்

வரலாற்றைக் கல்லில் வெட்டினர், ஓலையில் கீறினர், தாளில் அச்சிட்டனர். எழுதுகோல் பிடிக்கும் உரிமை மறுக்கப்பட்டவர்கள் தங்கள் வரலாற்றை எதில் பதிவு செய்தார்கள்? அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்த ஒரு பெண், துணியையே ஏடாகவும் ஊசியையே எழுதுகோலாகவும் கொண்டார். தம் மக்களின் நம்பிக்கையையும் அச்சத்தையும் நினைவுகளையும் இரண்டு போர்வைகளில் தைத்து வைத்தார். அவர் ஹாரியட் பவர்ஸ்.

பருத்தி வயல்களுக்கு நடுவே

அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள ஜார்ஜியா மாநிலம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பருத்தியால் செழித்தது. பஞ்சு மூட்டைகள் கப்பலேறிக் கடல் கடந்தன. தோட்ட உரிமையாளர்களின் மாளிகைகள் உயர்ந்தன. அந்தச் செல்வத்தை விளைவித்தவர்களோ ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களும் அவர்களின் வழித்தோன்றல்களும் ஆவர். அவர்களுக்குக் கூலி இல்லை. தம் உடல்மீதும் தாம் பெற்ற குழந்தைகள்மீதும்கூட அவர்களுக்கு உரிமை இல்லை. வீடு, மாடு, நிலம் போன்றே அவர்களும் விலைக்கு வாங்கவும் விற்கவும் பட்டனர்.

அம்மாநிலத்தின் ஏதென்ஸ் நகருக்கு அருகில், 1837ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் ஹாரியட் பிறந்தார். பிறக்கும்போதே அவர் அடிமை. அடிமைகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கும் சட்டத்தை 1829ஆம் ஆண்டிலேயே ஜார்ஜியா இயற்றியிருந்தது. படித்தவர் சிந்திப்பர், சிந்திப்பவர் கேள்வி கேட்பர், கேள்வி கேட்பவர் அடிமையாக நீடிக்கமாட்டார் என்பதை உரிமையாளர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

பள்ளி மறுக்கப்பட்ட அப்பெண்ணுக்கு ஊசி மறுக்கப்படவில்லை. தைக்கத் தெரிந்த அடிமைப் பெண், உரிமையாளர் குடும்பத்திற்குப் பயன்படுவார் என்பதே அதற்குக் காரணம். அவர்களின் பயன் கருதி அனுமதிக்கப்பட்ட அந்தச் சிறு கருவியே பின்னாளில் ஹாரியட்டின் எழுதுகோல் ஆயிற்று.

போர்வையும் கலையும்

குளிர்நாடுகளில் போர்வை இன்றியமையாத உடைமை. மேல்துணி, அடித்துணி, இரண்டுக்கும் இடையே பஞ்சு என மூன்று அடுக்குகளை ஒன்றாகச் சேர்த்துத் தைக்கும் போர்வையை அமெரிக்க மக்கள் 'குயில்ட்' என்பர். அடுக்குகள் நழுவாமலும் பஞ்சு ஒருபக்கமாக ஒதுங்காமலும் இருக்கப் பரப்பு முழுவதும் நெருக்கமாகத் தையலோட்டுவர். மேல்துணிக்குப் புதுத்துணி வாங்கும் வசதி பலருக்கும் இல்லை. எனவே, கிழிந்த சட்டை, பழைய பாவாடை, தையல் வேலையில் எஞ்சிய துண்டு ஆகியவற்றைச் சேர்த்து வைத்து ஒட்டுப்போர்வை தைத்தனர்.

மேல்துணியை இரண்டு வகையாக அமைக்கலாம். சதுரம், முக்கோணம், சாய்சதுரம் என வெட்டிய துண்டுகளின் விளிம்புகளை இணைத்துக் கோலம்போல் வடிவம் அமைப்பது ஒரு வகை. விரித்த துணியின்மீது மனிதர், விலங்கு, விண்மீன் முதலிய உருவங்களாக வெட்டிய துண்டுகளை வைத்து ஓரம் தைப்பது மற்றொரு வகை. இதனை ஒட்டுத்தையல் எனலாம். மேற்கு ஆப்பிரிக்காவின் தகோமி அரசில் மன்னர்களின் வெற்றிகளையும் சிறப்புகளையும் இம்முறையில் துணியில் பொறித்து வைக்கும் மரபு இருந்தது. ஹாரியட்டின் உருவங்களுக்கும் அம்மரபின் உருவங்களுக்கும் இடையே உள்ள ஒற்றுமையைக் கலை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர்.

போர்வை தைப்பது தனியொருவர் வேலையாக மட்டும் இருக்கவில்லை. பகலெல்லாம் பிறருக்காக உழைத்த பெண்கள் ஓய்வு கிடைத்த பொழுதுகளில் ஒன்றுகூடினர். விரித்த போர்வையைச் சுற்றி அமர்ந்து தைத்தபடியே கதை கூறினர், பாடினர், இறைவனை வழுத்தினர். முதியோர் கண்டதும் கேட்டதும் இளையோர் காதுகளில் இறங்கின. ஏடறியாத ஒரு சமூகத்தின் நூலகமாகவும் பள்ளியாகவும் அத்தகைய கூட்டங்கள் விளங்கின.

விடுதலைக்குப் பின்

ஹாரியட் 1855ஆம் ஆண்டு ஆம்ஸ்டெட் பவர்ஸ் என்பவரை மணந்தார். குழந்தைகள் பலரைப் பெற்றார்; அவர்களுள் சிலரை இளம் வயதிலேயே இழந்தார். 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டது. நான்காண்டுகள் நீடித்த அப்போர் முடிந்த பின்னர், 1865 திசம்பரில் அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தம் அமெரிக்கா முழுவதும் அடிமைமுறையை ஒழித்தது. அப்போது ஹாரியட்டுக்கு வயது 28.

விடுதலை வந்தது, வயல் வரவில்லை. விடுதலை பெற்ற மக்களுட் பெரும்பாலோர் பிறர் நிலத்தில் கூலிக்கும் பங்குக்கும் உழைத்தே வாழ நேர்ந்தது. ஆம்ஸ்டெட் பண்ணை வேலை செய்தார். ஹாரியட் இல்லத்தைக் காத்தார். சிறுகச் சிறுகச் சேர்த்து 1880களில் அவர்கள் நான்கு ஏக்கர் நிலத்துக்கு உரிமையாளர் ஆயினர். விற்பனைப் பொருளாகக் கருதப்பட்ட இருவர், தாமே நிலம் வாங்கிப் பத்திரத்தில் பெயர் பொறித்தது அக்காலத்தில் எளிய செயலன்று.

ஏதென்ஸ் பகுதியின் கறுப்பின மக்களுக்குத் தேவாலயமே ஊர்க்கூடமாக இருந்தது. அங்கு இறைவழிபாடு நடந்தது. இடர்ப்பட்டோருக்கு உதவி திரட்டப்பட்டது. விவிலியக் கதைகள் உயிர்பெற்றன. எகிப்தில் அடிமைப்பட்டு விடுதலை பெற்ற மக்களின் கதையும், பெருந்துன்பத்திலும் நம்பிக்கை இழக்காத யோபுவின் கதையும் அம்மக்களுக்குத் தங்கள் சொந்தக் கதைகளாகவே தோன்றின. அக்கதைகளை ஹாரியட் துணியில் வடிக்கத் தொடங்கினார்.

கண்காட்சியில் ஒரு வியப்பு

1886ஆம் ஆண்டு ஏதென்ஸ் நகரில் பருத்திக் கண்காட்சி நடைபெற்றது. அதில் ஹாரியட்டின் போர்வை ஒன்றும் வைக்கப்பட்டது. இன்று 'விவிலியப் போர்வை' என வழங்கப்படும் படைப்பு அதுவே. ஏறத்தாழ 300 துணித்துண்டுகளைக் கையாலும் தையல் எந்திரத்தாலும் தைத்து, பதினொரு காட்சிகளை அவர் அதில் அமைத்திருந்தார்.

ஏதேன் தோட்டத்தில் ஆதாமும் ஏவாளும் நிற்கின்றனர், காயீன் தன் உடன்பிறந்த ஆபேலைக் கொல்கிறான், விண்ணுக்குச் செல்லும் ஏணியை யாக்கோபு கனவில் காண்கிறார், இயேசு திருமுழுக்குப் பெறுகிறார், முப்பது வெள்ளிக்காசுக்காக யூதாசு அவரைக் காட்டிக்கொடுக்கிறான், சீடர்களோடு இறுதி விருந்து நிகழ்கிறது, சிலுவை எழுகிறது. ஏதேன் காட்சியில் உள்ள விலங்குகளுள் பாம்புக்கு மட்டுமே கால்கள் உள்ளன. ஊர்ந்து திரியுமாறு பாம்பு சபிக்கப்பட்டது என்பது விவிலியக் கதை. அச்சாபத்திற்கு முந்தைய பாம்பையே அவர் காட்டினார் எனக் கொண்டால், அக்கால்களுக்குப் பொருள் விளங்கும்.

அக்கண்காட்சிக்கு வந்தவர்களுள் ஜென்னி ஸ்மித் என்னும் வெள்ளையினப் பெண்மணியும் ஒருவர். அவர் ஏதென்ஸ் நகரின் லூசி காப் கல்விநிலையத்தில் ஓவியம் கற்பித்தவர்; தாமும் ஓவியர். கோலங்களும் கட்டங்களும் நிறைந்த போர்வைகளையே பார்த்துப் பழகியிருந்த அவர், கதை கூறும் இப்போர்வையைக் கண்டு வியந்து நின்றார். அதனைப் படைத்தவரைத் தேடிச் சென்று விலைக்குக் கேட்டார். எவ்விலைக்கும் தருவதற்கில்லை என ஹாரியட் மறுத்துவிட்டார்.

ஐந்து டாலர்

ஆண்டுகள் சில கடந்தன. பண்ணைத் தொழிலில் வருவாய் குறைந்தது. பவர்ஸ் குடும்பத்தை வறுமை சூழ்ந்தது. விற்க மறுத்த போர்வையை விற்பதற்கு ஹாரியட் தாமே முன்வந்தார். அவ்வேளையில் ஜென்னி ஸ்மித்திடம் போதிய பணம் இல்லை. மீண்டும் அவர் வாய்ப்பு வாய்த்துச் சொல்லியனுப்பியபோது, 1891ஆம் ஆண்டு ஆகியிருந்தது.

மாட்டு வண்டியில் ஹாரியட் வந்து இறங்கினார். போர்வையைத் தூய மாவுப்பையில் பொதிந்து, அதனையும் சாக்குப்பைக்குள் வைத்து, மடியில் கிடத்திக் கொண்டுவந்திருந்தார். அவர் கேட்ட விலை பத்து டாலர். ஜென்னியால் கொடுக்க முடிந்தது ஐந்து டாலர். ஹாரியட் வெளியே சென்று கணவரோடு கலந்து பேசினார். காலம் கடினமாக இருப்பதால் ஏற்றுக்கொள்ளுமாறு கணவர் அறிவுறுத்தினார். ஐந்து டாலருக்குப் போர்வை கைமாறியது.

கொடுத்துவிட்டு அவர் உடனே திரும்பவில்லை. ஒவ்வொரு காட்சியாகச் சுட்டிக்காட்டி, அதன் பொருளை விளக்கினார். ஜென்னி அவற்றை எழுதி வைத்துக்கொண்டார். துணியை விற்ற ஹாரியட், அதன் கதை தொலைந்துவிடாமல் காத்த நேரம் அதுவே. இன்று அப்போர்வையின் காட்சிகளை நாம் பெயர் சொல்லி அறிவதற்கு அந்த விளக்கமே அடிப்படை.

மணமுடித்துக் கொடுத்த மகளைக் காணச் செல்லும் தாயைப்போல், அதன்பின்னும் பலமுறை ஹாரியட் அவ்வீட்டுக்குச் சென்று தம் போர்வையைப் பார்த்து வந்தார். தம்மிடம் எஞ்சும் துணித்துண்டுகளையெல்லாம் சேர்த்து வைத்துத் தருவதாக ஜென்னி கூறியது அவருக்கு ஓரளவே ஆறுதல் அளித்தது. பொருளின் உரிமை பணத்தால் மாறலாம். படைத்தவர்க்கும் படைப்புக்கும் உள்ள உறவு அவ்வாறு மாறுவதில்லை.

பதினைந்து கட்டங்களில் ஓர் உலகம்

1895ஆம் ஆண்டு அட்லாண்டா நகரில் பருத்தி மாநிலங்களின் பன்னாட்டுப் பெருங்கண்காட்சி நடந்தது. கறுப்பின மக்களின் படைப்புகளுக்கென அங்குத் தனிக் கட்டடம் எழுப்பப்பட்டிருந்தது. அடிமைமுறை ஒழிந்து முப்பதாண்டுகளில் அம்மக்கள் எய்திய முன்னேற்றத்தை உலகுக்கு எடுத்துக்காட்டும் மேடையாக அது அமைந்தது. ஜென்னி ஸ்மித் விவிலியப் போர்வையை அப்பெருங்கண்காட்சியில் இடம்பெறச் செய்தார்.

ஹாரியட்டின் மற்றொரு பெரும்படைப்பான 'சித்திரப் போர்வை' 1895 முதல் 1898 வரையிலான காலத்தில் உருவானது. அட்லாண்டா பல்கலைக்கழகம் கறுப்பின மாணவர்களின் உயர்கல்விக்காக நிறுவப்பட்டது. அதன் பேராசிரியர்களின் துணைவியர் 1898இல், சமய அறிஞர் சார்லஸ் கத்பர்ட் ஹால் என்பவருக்கு இப்போர்வையைப் பரிசாக வழங்கினர்.

வரிசைக்கு ஐந்தாக மூன்று வரிசைகளில் பதினைந்து கட்டங்கள் இதில் உள்ளன. யோபு, மோசே, யோனா முதலியோரின் விவிலியக் காட்சிகள் ஒருபுறம். மக்கள் வாய்மொழியாகப் போற்றி வந்த உண்மை நிகழ்ச்சிகள் மறுபுறம். இவ்விரண்டையும் அருகருகே வைத்ததில்தான் ஹாரியட்டின் தனித்தன்மை விளங்குகிறது.

1780ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் நண்பகலிலேயே இருள் கவிந்தது. காட்டுத்தீயின் புகை வானை மூடியதால் நேர்ந்த அவ்விருளை மக்கள் உலக முடிவின் அறிகுறி என்று அஞ்சினர். ஹாரியட் பிறப்பதற்கு 57 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த அந்த 'இருண்ட நாள்' ஒரு கட்டத்தில் இடம்பெற்றுள்ளது. 1833 நவம்பர் 13ஆம் நாள் விடியலுக்கு முன் விண்ணிலிருந்து எரிகொள்ளிகள் மழையெனப் பொழிந்த நிகழ்ச்சி மற்றொரு கட்டத்தில் உள்ளது. விண்மீன்கள் உதிர்கின்றன, மக்கள் நடுங்குகின்றனர், அவ்வீழ்ச்சியைத் தடுத்து நிறுத்தும் இறைவனின் கை ஒன்றும் தெரிகிறது. அந்நிகழ்ச்சியும் ஹாரியட் பிறப்பதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முற்பட்டதே. தாம் காணாத அவ்விரவைத் தம் மூத்தோரின் சொற்கள் வழியே கண்டு தைத்தார் அவர்.

அவரே வாழ்ந்து கண்ட துயரும் அதில் உண்டு. 1895 பிப்ரவரியில் தாக்கிய கடுங்குளிரில் மனிதரும் விலங்குகளும் உறைந்துபோன கொடுமையை ஒரு கட்டம் காட்டுகிறது. இன்னொரு கட்டத்தில், செல்வம் நிறைந்திருந்தும் இறையறிவு கற்பிக்கப்படாத இருவர் தோன்றுகின்றனர். அவர்களின் காலடியில், போர்வையிலுள்ள விலங்குகளிலேயே பெரியதாக ஒரு பெண்பன்றி நிற்கிறது. பெட்ஸ் என்னும் பெயருடைய அப்பன்றி ஜார்ஜியாவிலிருந்து வடக்கே வர்ஜீனியா வரை 500 மைல் தன் விருப்பம்போல் ஓடியது என்பது கதை. தளையறுத்து வடக்கு நோக்கித் தப்பிச் சென்ற அடிமைகளின் நினைவை இதில் காண்போர் உண்டு. அரசரும் படைத்தலைவரும் இடம்பெறாத இவ்வரலாற்றில், கட்டுக்கு அடங்காத ஒரு பன்றிக்குப் பெயரோடு இடம் கிடைத்திருக்கிறது!

தெரிந்து தெளிவோம்

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதத்தில் பூமி, டெம்பல்–டட்டில் என்னும் வால்விண்மீன் விட்டுச்சென்ற தூசுத் துகள்களின் வழியே கடந்து செல்கிறது. அத்துகள்கள் வளிமண்டலத்தில் எரிந்து ஒளிர்வதே 'லியோனிட்' எரிகொள்ளிப் பொழிவு. ஏறத்தாழ 33 ஆண்டுகளுக்கு ஒருமுறை அவ்வால்விண்மீன் கதிரவனை நெருங்கி வருகிறது. அதனையொட்டிய ஆண்டுகளில் இப்பொழிவு பெருமழையாக மாறக்கூடும். 1833இல் வட அமெரிக்க மக்கள் கண்டதும், ஹாரியட் துணியில் தைத்ததும் இதுவே.

மறைந்திருந்த மடல்

ஹாரியட் பவர்ஸ் எழுத்தறியாதவர் என்றே நெடுங்காலம் நூல்கள் கூறிவந்தன. கேள்வியறிவால் மட்டுமே அவர் கதைகளைத் தெரிந்துகொண்டார் எனவும் கருதப்பட்டது. அவரது நூற்றாண்டு நினைவு நெருங்கிய வேளையில், 2009ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு இக்கருத்தை மாற்றியது. அட்லாண்டா கண்காட்சிக்குப்பின், 1896இல், அயோவா மாநிலத்தின் கியோகக் நகரைச் சேர்ந்த ஒரு பெண்மணிக்கு ஹாரியட் தம் வாழ்க்கையைக் குறித்து எழுதிய மடல் ஒன்றின் படியை அவ்வாய்வு வெளிக்கொணர்ந்தது.

உரிமையாளர் வீட்டு வெள்ளையினச் சிறுவர்களின் துணையோடு தாம் படிக்கக் கற்றதை அம்மடலில் அவர் தெரிவித்திருந்தார். சட்டம் பூட்டிய கதவைச் சிறுவர்கள் திறந்துவிட்டனர்! விவிலியத்தைத் தாமே படித்து ஆராய்ந்ததையும் அவர் குறிப்பிட்டிருந்தார். இன்று நமக்குக் கிடைக்கும் இரண்டு போர்வைகளைத் தவிர, ஆயிரக்கணக்கான சாய்சதுரத் துண்டுகளால் ஆன வேறு போர்வைகளையும் அவர் தைத்திருந்தார் என்பதும் அதனால் தெரியவந்தது. ஏதென்ஸ் நகரின் கறுப்பின மக்கள் தாங்களே நடத்திய கண்காட்சியிலும் தம் விண்மீன் போர்வையை அவர் காட்சிக்கு வைத்திருந்தார். விலைக்கு வாங்குவோர் பார்வைக்கு மட்டுமின்றித் தம்மவர் பார்வைக்கும் தம் கலையைக் கொண்டுசென்றவர் அவர் என்பதற்கு அது சான்று.

ஒருவரைப் பற்றிப் பிறர் எழுதியவை மட்டுமே கிடைக்கும்போது, அவரது வாழ்வில் பாதியே நமக்குத் தெரிகிறது. ஹாரியட் தம்மைப் பற்றிக் கூறியவை கிடைத்தபோதுதான், ஏழை முதுமகளாக மட்டும் அறியப்பட்டவர், கற்றவராகவும் தம் கலையின் மதிப்பை உணர்ந்தவராகவும் நம்முன் நிமிர்ந்து நிற்கிறார்.

இறுதிக் காலம்

1890களில் பவர்ஸ் குடும்பம் தன் நிலத்தைச் சிறிது சிறிதாக விற்க நேர்ந்தது. கணவரும் பிரிந்து சென்றார். முதுமையில் ஹாரியட் தையல் தொழிலால் தம்மைக் காத்துக்கொண்டார். 1897ஆம் ஆண்டளவில் எடுக்கப்பட்ட ஒளிப்படம் ஒன்று அவரது தோற்றத்தை நமக்குக் காட்டுகிறது. கதிரவன், விண்மீன் போன்ற உருவங்களை ஒட்டித் தைத்த மேலாடையை ஆடையின்மீது அணிந்து, நேர்ப்பார்வையோடு நிற்கிறார் அவர். தம் கலையைத் தம்மீதே அணிந்துகொண்டு ஒளிப்படக் கருவியின்முன் நின்ற அக்கோலத்தில் வறுமையின் தளர்ச்சி இல்லை.

1910ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் ஹாரியட் பவர்ஸ் மறைந்தார். கறுப்பின மக்கள் தங்களுக்குள் திரட்டிய பொருளால் உருவாக்கிய காஸ்பெல் பில்கிரிம் கல்லறைத் தோட்டத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. காலப்போக்கில் அத்தோட்டத்தைப் புதர்கள் மூடின. அவரது கல்லறைக் கல் 2005ஆம் ஆண்டில்தான் மீண்டும் கண்டறியப்பட்டது.

ஓர் அறையில் இரு போர்வைகள்

விவிலியப் போர்வையை ஜென்னி ஸ்மித் தம் இறுதிக்காலம் வரை பாதுகாத்தார். பின்னர் அது வாசிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தேசிய அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தது. சித்திரப் போர்வை, ஹால் குடும்பத்தாரிடமிருந்து மாக்சிம் கரோலிக் என்னும் கலைப்பொருள் சேகரிப்பாளர் வழியாக, 1964இல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்கு உரியதாயிற்று. ஒரே கையால் தைக்கப்பட்ட இரண்டும் இரு நகரங்களில் தனித்தனியே இருந்தன. 2021ஆம் ஆண்டு பாஸ்டனில் நடந்த ஒரு கண்காட்சியில் அவை முதன்முறையாக ஒன்றாக வைக்கப்பட்டன.

ஐந்து டாலருக்கு விற்கப்பட்ட போர்வை இன்று ஒரு நாட்டின் வரலாற்றுச் செல்வம். அதைத் தைத்தவரை விலைப்பொருளாக மதித்த சட்டங்கள் செல்லாதொழிந்தன. அவர் தைத்த விண்மீன்கள் இன்னும் உதிராமல் நிற்கின்றன. அடிமைப்பட்ட கைகள் பறித்த பருத்தியே அவர்தம் துன்பத்திற்குக் காரணமாயிற்று. அதே பருத்தியைக் கொண்டு, அவர்களுள் ஒருவர் அம்மக்களின் நினைவுகளை அழியாது காத்தார். எளியோர் வீடுகளில் பெட்டியடியில் மடித்து வைக்கப்பட்டிருக்கும் பழந்துணிகளிலும் வரலாறு உறங்குகிறது. விரித்துப் பார்க்கவும், அதன் கதையைக் கேட்டு எழுதவும் ஒருவர் வேண்டும், அவ்வளவே.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் பல்லாண்டுகளாகப் பாதுகாக்கப்படும் துணி, பாய், கூடை, பாத்திரம் ஆகியவற்றுள் ஒன்றன் கதையை மூத்தோரிடம் கேட்டறிந்து, ஒரு பக்க அளவில் எழுதுக.

2. உங்கள் ஊரில் வாய்மொழியாக வழங்கிவரும் புயல், வெள்ளம், பஞ்சம் போன்ற நிகழ்ச்சி ஒன்றினை ஐந்து கட்டங்கள் கொண்ட ஓவியமாக வரைந்து, வகுப்பறையில் விளக்குக.

3. ஹாரியட் பவர்ஸ் தம் போர்வையை ஐந்து டாலருக்கு விற்க இசைந்தது சரியா என்னும் பொருளில் இரு குழுக்களாகப் பிரிந்து கலந்துரையாடுக.